அவையேறும் முன்

நூல் ஒன்றை எழுதி முடித்தவுடன் அதை அச்சுக்குக் கொடுத்துவிட்டு, வாசிப்பவர் முகம் இன்னதென்று அறியாமலே காலங்கழிக்கும் வசதி இக்காலத்து ஆசிரியர்களுக்கு வாய்த்திருக்கிறது. பழைய தமிழ்ப் புலவனுக்கு அது வாய்க்கவில்லை. தன் ஓலைச் சுவடியைக் கையில் ஏந்திக்கொண்டு அரசனுடைய சபைக்கோ கோயில் மண்டபத்துக்கோ சென்று, கற்றவர்கள் வரிசையாக வீற்றிருக்க, அவர்களுக்கு நடுவே தன் வாயாலேயே தன் பாடல்களைப் படித்து, படித்ததற்குப் பொருள் விரித்து, எழுந்த ஆட்சேபங்களுக்கெல்லாம் சமாதானம் கூறி, அவர்கள் தலையசைத்து ஒப்புக்கொண்ட பிறகுதான் அவன் செய்தது நூலென்று பெயர் பெறும். அதுவரையில் அது எழுத்துப் பதிந்த ஓலையே. இந்தச் சடங்குக்கு அரங்கேற்றம் என்று பெயர். பின்னாளில் நடனத்துக்கும் சங்கீதத்துக்கும் மட்டுமே உரியதுபோல் இச்சொல் வழங்கத் தொடங்கினாலும், நூல்களும் அரங்கேறியே உலகத்துக்கு வந்தன என்பதை நாம் மறந்துவிடலாகாது.

அப்படி நிற்கும் மனிதனுடைய நெஞ்சுக்குள் என்ன நிகழும் என்பதை, ஒரு முறையேனும் சபையில் வாய் திறக்க எழுந்து நின்றவர்கள் அறிவார்கள். சபையோர் குற்றம் சொல்லத் தொடங்குவதற்கு வெகுநேரம் முன்பே உள்ளேயிருந்து ஒரு குரல் குற்றப் பத்திரிகை வாசிக்கத் தொடங்கிவிடுகிறது. 'உனக்கு எதற்கு இந்த வேலை? நீ கற்றது எவ்வளவு, உனக்கு முன்னிருந்தவர்கள் செய்துவைத்தது எவ்வளவு?' என்று அது கேட்கிறது. நா உலர்கிறது, நேற்றுவரை தடையின்றி வந்த பாட்டு இன்று பாதியில் நின்றுவிடுகிறது. கற்றவற்றில் குறை இல்லாமலிருந்தும் இந்தக் குரலுக்கு அஞ்சியே மேடையைவிட்டு இறங்கியவர்கள் எத்தனையோ பேர். அத்தகையவர்களைச் சபைக்கோழை என்று ஊரார் ஒரே சொல்லில் ஒதுக்கிவிடுவார்கள். அந்த ஒதுக்கலால் யாருடைய பயமும் தெளிந்ததில்லை.

இந்தக் குரலை எப்படி நடத்துவது என்பதற்கு நம் முன்னோர் ஒரு சம்பிரதாயத்தை ஏற்படுத்தி வைத்திருந்தார்கள். அதுதான் அவையடக்கம். காவியங்களின் தொடக்கத்தில் வரும் அந்தச் சில பாடல்களை வெறும் உபசாரமென்று பலர் தள்ளிவிட்டுக் கதைக்குச் சென்றுவிடுகிறார்கள். தமிழ்ச் சபையின் சரித்திரத்தையும், அங்கே நின்று பேசியவர்களின் மனநிலையையும் சேர்த்துப் பார்த்தால், அச்சத்தை மறைக்கவும் அதனோடு மல்லுக்கு நிற்கவும் முயலாமல், அதற்குச் சபையின் நடுவிலேயே ஓர் இடம் கொடுத்து, பேச வேண்டியதை அளவோடு பேசவிட்டு அமரச் செய்யும் ஒரு மனப் பயிற்சியாகவே அது விளங்குகிறது என்பது என் துணிபு.

முதலில் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். அந்த அச்சம் காரணமற்றதாக இருக்கவில்லை. தொல்காப்பியத்தின் சிறப்புப் பாயிரம், அந்நூல் நிலந்தரு திருவிற் பாண்டியன் அவையத்தில் அதங்கோட்டு ஆசான் என்னும் ஆசிரியர் கேட்க அரங்கேறியது என்று கூறுகிறது. இதை விரித்து நச்சினார்க்கினியர் சொல்லும் வரலாறு உருக்கமானது. தம் மாணாக்கனாகிய தொல்காப்பியன்மேல் அகத்தியர் சினங்கொண்டு, 'அவன் செய்த நூலை நீர் கேளாதீர்' என்று அதங்கோட்டாசானைத் தடுத்துவிட்டார். தொல்காப்பியனோ கேட்டருள வேண்டுமென்று விடாது வேண்டினான். இருவர்க்கும் இடையே அகப்பட்ட ஆசான், 'கேட்பதுபோல் கேட்டு எல்லாவற்றுக்கும் குற்றம் கூறுவேன்' என்று துணிந்து அமர்ந்தார். அவர் எடுத்த குற்றங்களுக்கெல்லாம் தொல்காப்பியன் விடை கூறினான். தமிழில் இன்று நமக்குக் கிடைத்துள்ள மிகப் பழைய இலக்கணம், குற்றம் கூறுவதென்று முன்கூட்டியே முடிவு செய்துகொண்டு அமர்ந்த ஒருவருக்கு முன்னால் அரங்கேறியதாக ஒரு கதை வழங்குவதே, அச்சபைகளின் கடுமையை உணர்த்தப் போதுமானது.

காஞ்சிபுரத்துக் குமரக்கோட்டத்தில் கச்சியப்ப சிவாசாரியர் கந்தபுராணத்தை அரங்கேற்றியபோது, முதற் பாட்டின் முதற் சீரிலேயே ஒரு வித்துவான் எழுந்து, இந்தப் புணர்ச்சிக்கு இலக்கண விதி எங்கே என்று மறித்தார் என்றும், அன்று சபை கலைந்து, மறுநாள் சோழநாட்டிலிருந்து வந்த ஒரு புலவர் வீரசோழியத்தைப் பிரித்து விதியைக் காட்டிய பிறகே அரங்கேற்றம் தொடர்ந்தது என்றும் சொல்வார்கள். 10,000-க்கு மேற்பட்ட பாடல்களைச் செய்து முடித்த ஒருவர், முதற் சொல்லிலேயே தடுத்து நிறுத்தப்பட்டு, அன்றிரவை எப்படிக் கழித்திருப்பார்! வாதில் தோற்ற புலவர்களின் காதை வில்லிபுத்தூரார் அறுத்தார் என்றும், திருமலைராயன் சபையில் காளமேகம் கொதிக்கும் எண்ணெய்க்கு மேலே கட்டிய உறியில் அமர்ந்து எமகண்டம் பாடினார் என்றும் வழங்கும் கதைகள் எவ்வளவு உண்மையோ, அவற்றை விரும்பிக் கேட்டுக் கேட்டு வளர்ந்த ஒரு சமூகத்தில் சபை என்ற சொல்லே ஒரு நடுக்கத்தைத் தரக்கூடியதாக இருந்தது என்பது மட்டும் உண்மை.

திருவள்ளுவர் இந்த நடுக்கத்துக்கென்றே ஓர் அதிகாரத்தை ஒதுக்கினார். அமைச்சியலின் இறுதியில் 72-ஆவது அதிகாரமாக அவையறிதலையும், 73-ஆவதாக அவையஞ்சாமையையும் வைத்தார். போர்க்களத்தில் சாகத் துணிபவர்கள் பலர், அவைக்களத்தில் அஞ்சாதவர்களோ சிலர் என்ற அவருடைய கணக்கு எக்காலத்துக்கும் பொருந்துகிறது. ஆனால் நான் மீண்டும் மீண்டும் வியப்பது அவ்விரண்டு அதிகாரங்களின் வரிசையையே. அஞ்சாதே என்று தொடங்காமல், முதலில் அவையைப் பார் என்கிறார். யார் கேட்கிறார்கள், அவர்களுடைய தரம் என்ன, எதை விரும்புகிறார்கள், எதை அறியாதிருக்கிறார்கள் என்பதையெல்லாம் தெரிந்துகொள்ளச் சொல்லிவிட்டு, அதன் பிறகே அச்சத்தைப் பற்றிப் பேசுகிறார். தன்னையே உற்றுப் பார்த்துக்கொண்டிருப்பவனுக்குத்தான் நடுக்கம் மிகும். கண்ணை எதிரே இருப்பவர்மேல் திருப்பியவனுக்கு அது பாதி குறைந்துவிடுகிறது. மீதிப் பாதிக்கு அவர் சொல்லும் மருந்து கல்விதான். கேட்ட கேள்விக்கு அஞ்சாமல் விடையிறுப்பதற்காகவே முறையாகக் கற்றுக்கொள் என்கிறார்.

கல்வி நிறைந்தவர்களுக்கும் உள்ளிருக்கும் குரல் ஓய்வதில்லையே, அதற்கு என்ன செய்வது? இங்கேதான் தொல்காப்பியர் செய்யுளியலில் வகுத்த அவையடக்கியல் வருகிறது. நான் வன்மையின்றிச் சொன்னாலும் நீங்கள் அதை வகைப்படுத்தி ஏற்றுக்கொள்ளுங்கள் என்று எல்லா மாந்தர்க்கும் பணிந்து கூறுதல் என்பது அந்த விதியின் கருத்து. இதைச் சற்று நிதானமாக ஆராய்ந்து பார்க்க வேண்டும். 'நான் வல்லமையற்றவன்' என்று தனக்குத் தானே தீர்ப்புச் சொல்லிக்கொள்ளும்படி இலக்கணம் விதிக்கவில்லை. குறை நேருமாயின் அதைக் கண்டு திருத்தும் பொறுப்பைக் கேட்பவரிடம் ஒப்படைக்கச் சொல்கிறது. அதுவரை பாடுகிறவனே குற்றவாளியாகவும் நீதிபதியாகவும் இரண்டு வேலைகளைச் சுமந்து நின்றான். இந்தப் பாட்டுக்குப் பிறகு நீதிபதியின் ஆசனம் சபைக்குப் போய்விடுகிறது. பாடுகிறவனுக்குப் பாடுவது ஒன்றே வேலையாகிறது. அந்தப் பணிவும் கற்றறிந்த நால்வருக்கு மட்டும் உரியதன்று, எல்லா மாந்தர்க்கும் உரியது என்று விதித்தது அந்தப் பழைய ஆசிரியரின் பெருந்தன்மை.

இந்த விதியைப் பெருங்கவிஞர்கள் எப்படிக் கையாண்டார்கள் என்பது தமிழிலக்கியத்தில் இன்பமான ஓர் ஆராய்ச்சி. சீவக சிந்தாமணி செய்த திருத்தக்கதேவர், கல்லில் பிறந்த மணியும் கழுவாமல் விட்டால் தன் நலம் தோன்றாது என்று எடுத்துக்காட்டி, கழுவுகிற தொழிலைப் புலவர்களுக்குக் கொடுத்துவிடுகிறார். தம் நூலில் அழுக்கிருக்கலாம் என்று ஒப்புக்கொள்ளும் அவர், அது மணியல்ல என்று ஒருபோதும் சொல்லவில்லை. சேக்கிழாரோ, அடியார்களின் புகழைச் சொல்லப் புகுந்த தம்மை, பெருங்கடல் முழுவதையும் குடித்துவிட வேண்டுமென்று ஆசை கொண்ட ஒரு நாய்க்கு ஒப்பிடுகிறார். அளவற்ற ஆசை பின்னின்று துரத்துவதால் பாடுகிறேன் என்கிறார். கம்பர், பாற்கடலின் கரையை அடைந்து அதை நக்கிக் குடித்துவிட முனைந்த பூனையாகத் தம்மைக் காண்கிறார். உமறுப் புலவர் 5,027 பாடல்களில் நபிகள் நாயகத்தின் சரிதையைச் சீறாப்புராணமாகப் பாடத் தொடங்குகையில், கடலையும் மலையையும் நிலைகுலைக்கும் சண்டமாருதத்துக்கு எதிரே ஓர் இளைத்த எறும்பு விட்ட மூச்சு என்று தம் பாட்டைக் குறிப்பிடுகிறார்.

நாயும், பூனையும், எறும்பும்! உள்ளிருந்து இகழும் குரல் சொல்லக்கூடிய மிகக் கடுமையான சொல்லை இவர்கள் தாமே முன்வந்து, உரத்த குரலில், யாப்பு வழுவாமல் சொல்லிவிட்டார்கள். இனி அந்தக் குரல் புதிதாக என்ன சொல்லப் போகிறது? அதோடு, மறைவில் முணுமுணுக்கும்வரைதான் அதற்குப் பலம். நாலு பேர் கேட்க ஒலித்த மறுகணம் அது மற்ற பேச்சுக்களைப் போல ஒரு பேச்சாகிவிடுகிறது. இவற்றையெல்லாம்விட முக்கியமான ஒரு விஷயமும் அந்த உவமைகளிலேயே அடங்கியிருக்கிறது. நாய்க்கும் பூனைக்கும் திறமை இல்லாதிருக்கலாம், ஆனால் தாகம் இருக்கிறது. அவற்றுக்கு எதிரே கடலும் இருக்கிறது. 'எனக்குத் தகுதி உண்டா?' என்ற கேள்விக்கு விடை தேடிக்கொண்டிருந்தால் யாராலும் ஓர் அடிகூட எடுத்து வைக்க முடியாது என்பதை உணர்ந்த சேக்கிழார், தகுதியைப் பற்றிய வழக்கைத் தாமே தோற்றுக்கொடுத்துவிட்டு, ஆசையின் கையைப் பிடித்துக்கொண்டு கடலுக்குள் இறங்கிவிட்டார். 4,000-க்கு மேற்பட்ட பாடல்கள் அதன் பயனாக நமக்குக் கிடைத்தன.

கம்பருடைய அவையடக்கத்தில் இன்னொரு பாட்டு எனக்கு மிகவும் பிரியமானது. சிறு குழந்தைகள் தரையில் கோடு கிழித்து, இது அறை, இது ஆடரங்கு என்று வீடு கட்டி விளையாடுகின்றன. சிற்ப நூல் வல்ல தச்சர்கள் அவ்வழியே வந்தால், அளவு பிழைத்ததென்று அக்குழந்தைகளிடம் கோபித்துக்கொள்வார்களா என்று கேட்கிறார். இந்தக் கேள்வியில் சபையின் முகமே மாறிவிடுவதைக் கவனிக்க வேண்டும். குற்றம் பிடிக்கக் காத்திருந்த வித்துவான்கள், ஒரு கணத்தில், குழந்தையின் விளையாட்டை நின்று பார்த்துப் புன்னகை செய்யும் தச்சர்களாகிவிடுகிறார்கள். பாடுகிறவருக்கும் குழந்தையின் சுதந்திரம் கிடைத்துவிடுகிறது. தரையில் கோடு கிழிக்கும் குழந்தைக்குக் கை நடுங்குவதில்லை. இராமாயணம் திருவரங்கத்தில் அரங்கேறியது என்பது பரம்பரையாக வரும் செய்தி; தாயார் சந்நிதிக்கு அருகே கம்பர் மண்டபம் என்று ஒரு மண்டபத்தை இன்றும் காட்டுகிறார்கள். அங்கே நிற்கும்போதெல்லாம் எனக்கு நினைவுக்கு வருவது யுத்த காண்டமன்று, இந்தக் குழந்தைகளின் வீடுதான்.

அளவைப் பற்றியும் சொல்ல வேண்டும். 10,000-க்கு மேற்பட்ட பாடல்களைக் கொண்ட அக்காவியத்தில் அவையடக்கத்துக்கு ஒதுக்கப்பட்டவை ஒரு சில பாடல்களே. அவை முடிந்ததும் நாட்டுவளம் தொடங்கிவிடுகிறது. கோசல நாட்டின் வெள்ளம் புரண்டு வருகிறது. அதன் பிறகு கவிஞர் தம் குறையைப் பற்றிய பேச்சுக்குத் திரும்பித் திரும்பி வருவதில்லை. பணிவுக்கு இடம் உண்டு, அந்த இடத்துக்கு எல்லையும் உண்டு. தன் குறையைச் சொல்லத் தொடங்கி நிறுத்தத் தெரியாமல் பேச்சு முழுவதையும் மன்னிப்புக் கேட்பதிலேயே கழித்துவிடும் இக்காலத்துச் சொற்பொழிவாளர்களையும், ஒவ்வொரு ராகத்துக்கும் முன்னால் தொண்டை சரியில்லை என்று முறையிடும் இளம் பாடகர்களையும் காணும்போது, இந்த எல்லையை அவர்களுக்கு யாரேனும் சொல்லிக்கொடுத்திருக்கக் கூடாதா என்று மனம் வருந்துகிறது.

பிற்காலத்துச் சிறு நூல்களில் இந்தச் சம்பிரதாயம் நைந்துபோயிற்று என்பதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். பழைய உவமைகளையே திருப்பித் திருப்பி அடுக்கி, மனத்தில் இல்லாத பணிவை வாயில் வரவழைத்துக்கொண்ட அவையடக்கங்கள் ஏராளம். அச்சம் உண்மையாக இருந்த இடத்தில்தான் அந்தப் பாட்டுக்கும் உயிர் இருந்தது.

பணிவை விதித்த மரபு, அதற்கு மாறான ஓர் உரிமையையும் புலவனுக்குக் கொடுத்து வைத்திருந்தது. சீயகங்கன் என்னும் சிற்றரசன் வேண்டப் பவணந்தி முனிவர் 13-ஆம் நூற்றாண்டில் இயற்றியதாகக் கருதப்படும் நன்னூலின் பொதுப்பாயிரத்தில், எத்தனை துறைகளை முடித்தவனாயினும் தன்னைத் தான் புகழ்வது தகுதியன்று என்று ஒரு சூத்திரம் கூறுகிறது. அதற்கு அடுத்தாற்போலவே, தன்னைப் புகழ்ந்துகொள்ளத் தகும் நான்கு இடங்களையும் அந்நூல் குறித்துவிடுகிறது: அரசனுடைய சபைக்கு ஓலை எழுதி விண்ணப்பிக்கும்போது, தன் ஆற்றலை அறியாதவர்களிடையே இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டிய பொழுதில், எதிரி தன்னைப் பழித்த காலத்தில். எவ்வளவு கூர்ந்த உலகானுபவம்! வேலைக்கு மனுப் போடும் இளைஞனுக்கு இதைவிடத் தெளிவான புத்திமதியை எந்த நவீன நூலும் சொல்லிவிடவில்லை. நூலின் பெருமையைச் சொல்லும் சிறப்புப் பாயிரத்தை யார் செய்ய வேண்டும் என்பதற்கும் அங்கே விதி உண்டு. ஆசிரியனுடைய ஆசிரியன், அவனோடு உடன் கற்றவன், அவனுடைய மாணாக்கன், உரைகாரன் ஆகியோர்க்கே அது கடமை. புகழ்வதைப் பிறருக்கும், குறை காண்பதைச் சபைக்கும் விட்டுக்கொடுத்தபின், நூல் செய்தவன் தன்னை எடைபோடும் இரண்டு தொல்லைகளிலிருந்தும் விடுதலை பெற்றான்.

பாட்டுக்கு இப்படி, ஆட்டத்துக்கு எப்படி? உடம்பால் செய்யும் கலையில் சொல்லால் மட்டும் அச்சத்தைத் தணிக்க முடியாது. சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதை இதற்கு விடை தருகிறது. மாதவி ஏழாண்டு பயின்று பன்னிரண்டாம் வயதில் சோழ மன்னனுக்கு முன் ஆட வருகிறாள். ஆடல், இசை, தண்ணுமை, குழல், யாழ் ஆகியவற்றுக்குரிய ஆசான்களும் பாட்டு இயற்றும் புலவனும் அவளுக்குத் துணை நிற்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமென்று இளங்கோவடிகள் விரிவாகப் பட்டியலிடுகிறார். பிறகு அரங்கின் அளவு வருகிறது. கணுவுக்குக் கணு ஒரு சாண் வளர்ந்த மூங்கிலைக் கொணர்ந்து, இருபத்து நான்கு விரல் அளவாக ஒரு கோல் நறுக்கி, அக்கோலால் ஏழு கோல் அகலமும் எட்டுக் கோல் நீளமும் ஒரு கோல் உயரமுமாக மேடை அமைக்கிறார்கள். மேற்பலகைக்கும் மேடைக்கும் இடையே நான்கு கோல். ஏறவும் இறங்கவும் இரண்டு வாயில்கள். தூணின் நிழல் ஆடுமிடத்தில் விழாதபடி விளக்கு. மூன்று வகைத் திரைகள்.

அந்தப் பன்னிரண்டு வயதுச் சிறுமி மேடையில் முதல் அடியை எப்படி வைக்க வேண்டும் என்பதுகூட அங்கே வரையறுக்கப்பட்டிருக்கிறது. வலக்காலை முன்வைத்து ஏறி, வலப்புறத்துத் தூணை அடைந்து நிற்க வேண்டும். முன்பே ஆடித் தேர்ந்த மூத்த கணிகையர் இடத்தூணின் பக்கம் வந்து நிற்பார்கள். நன்மை பெருகவும் தீமை நீங்கவும் வாரப் பாடல்கள் பாடப்படும். குழல் தொடங்க, குழலின் வழியே யாழும், யாழின் வழியே தண்ணுமையும், தண்ணுமையைத் தொடர்ந்து முழவும் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு எழும். இத்தனைக்கும் பிறகுதான் அவள் ஆட வேண்டும். மனம் தடுமாறக்கூடிய அந்த முதற் சில நிமிஷங்களில், அவள் தானாக முடிவு செய்ய வேண்டியது எதுவுமே இல்லை. கால் வைக்குமிடம் தெரியும், சாய்ந்து நிற்கத் தூண் இருக்கிறது, முன்னே சென்றவர்கள் பக்கத்தில் நிற்கிறார்கள், காதில் ஒரு குழலோசை தொடங்கிவிட்டது. உள்ளிருந்து பேசும் குரலுக்கு நுழைய இடைவெளியே விடாதபடி அந்த நிமிஷங்களைச் செயல்களால் நிரப்பி வைத்தார்கள் நம் நாட்டு நாடக நூலார்.

மேடையில் வைத்து வழிபடப்படும் தலைக்கோலின் கதையும் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது. பகையரசரிடம் கைப்பற்றிய வெண்கொற்றக் குடையின் காம்பை எடுத்து, கணுக்கள்தோறும் நவமணி பதித்து, பொற்றகடு போர்த்து, இந்திரன் மகனாகிய சயந்தனாகப் பாவித்து வணங்குவார்கள். தேவலோகத்தில் ஊர்வசி ஆடிக்கொண்டிருக்கையில் சயந்தனைக் கண்டு மனம் சிதற, ஆட்டம் பிழைக்க, அகத்தியருடைய சாபத்தால் அவன் மூங்கிலாகவும் அவள் மண்ணுலகில் கணிகையாகவும் பிறந்தார்கள் என்பது உரையாசிரியர் வாயிலாக நாம் அறியும் வரலாறு. அந்த ஊர்வசியின் வழியில் வந்தவளாகவே மாதவி சொல்லப்படுகிறாள். ஆகவே, ஒவ்வொரு புதிய ஆடல்மகளும் தன் மரபின் தலைவி சபை நடுவே தவறிய நிகழ்ச்சியின் அடையாளத்தை எதிரே வைத்து, அதை வணங்கிவிட்டே ஆடத் தொடங்கினாள். தேவ கணிகைக்கும் தாளம் தப்பியதுண்டு என்பதை மேடையிலேயே நிறுத்தி வைத்திருந்த ஒரு கலை மரபு, பிழையைப் பற்றி எவ்வளவு ஆழ்ந்து சிந்தித்திருக்க வேண்டும்! மாதவி அன்று தலைக்கோலும் 1,008 கழஞ்சு பொன்னும் பெற்றாள். தலைக்கோலி என்ற பட்டம் பின்னாளில் சோழர் கல்வெட்டுக்களில் ஆடல்மகளிர் பெயர்களோடு சேர்ந்து வருவதைக் காண்கிறோம்.

அரசவையும் காவியமும் எட்டாத இடங்களிலும் இவ்வழக்கம் வேரூன்றியிருந்தது. நெல்லைச் சீமையிலும் நாஞ்சில் நாட்டிலும் கோயில் கொடைகளில் வில்லுப்பாட்டு நடக்கும்போது, வீசுகோலின் முதல் அடி விழுந்து காப்பும் குரு வணக்கமும் முடிந்தவுடன், சபையிலுள்ள பெரியவர்களை விளித்துப் பிழை பொறுக்க வேண்டும் என்று பாடுவது முறை. விடிய விடியப் பாட வேண்டிய ஒருவர், குரல் கம்மலாம், கதையில் ஓரிடம் மறக்கலாம் என்பதை முதல் நாழிகையிலேயே ஊராரோடு பேசித் தீர்த்துக்கொள்கிறார். பிறகு உடுக்கும் குடமும் தாளமும் அவரைத் தூக்கிக்கொண்டு போய்விடுகின்றன.

19-ஆம் நூற்றாண்டில் சபையே வேறு வகையாக மாறிற்று. 1847-ஆம் ஆண்டு டிசம்பர் 31-ஆம் நாள், ஒரு வெள்ளிக்கிழமை, யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணைச் சிவன் கோயிலில் ஆறுமுக நாவலர் தம் முதற் பிரசங்கத்தைச் செய்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. பேர்சிவல் பாதிரியாரோடு விவிலியத் தமிழ் மொழிபெயர்ப்பில் உழைத்து, கிறிஸ்தவப் பாதிரிமார் பேசும் முறையை அருகிலிருந்து கண்டவர் அவர். பாட்டுமில்லை, யாப்புமில்லை, கற்றவரும் கல்லாதவரும் கலந்த கூட்டத்துக்கு முன்னால் வசனத்தில் பேச வேண்டும், அதற்கு முன்மாதிரியாகப் பழைய சபைகளில் ஏதுமில்லை. நாவலர் கைக்கொண்ட வழி, வாரந்தோறும் வெள்ளிக்கிழமையில் தவறாமல் பேசுவது. இரண்டே ஆண்டுகளில், 1849-இல், திருவாவடுதுறை ஆதீனம் அவருக்கு நாவலர் என்ற பட்டத்தை அளித்தது.

அவதானக் கலை இதற்கு மற்றொரு முனை. 1907-ஆம் ஆண்டு மார்ச் 10-ஆம் நாள் சென்னை விக்டோரியா மண்டபத்தில் நாஞ்சில் நாட்டு இடலாக்குடியைச் சேர்ந்த செய்குத்தம்பிப் பாவலர் சதாவதானம் செய்து காட்டினார். ஒருவர் மணியடிக்க, ஒருவர் முதுகில் நெல்லெறிய, ஒருவர் ஈற்றடி கொடுக்க, இன்னொருவர் கணக்குப் போடச் சொல்ல, அத்தனையையும் ஒரே சமயத்தில் மனத்தில் வாங்கி வைத்து, கேட்கும்போது திருப்பித் தர வேண்டும். தன்னைப் பற்றி நினைத்துக்கொள்ள ஒரு விரற்கடை இடமும் மிச்சமில்லாதபடி மனத்தைப் பிறர் கொடுத்த வேலைகளால் நிரப்பிவிடும் அப்பியாசம் அது. அவதானிகள் நடுங்கியதாகக் கேள்விப்படுவதில்லை. நடுங்குவதற்கு அவர்களுக்கு அவகாசம் ஏது?

அச்சு வந்தபின் அரங்கேற்றம் அருகிற்று. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815–1876) காலம்வரை தலபுராணங்கள் அந்தந்த ஊர்க் கோயிலிலேயே நாள்தோறும் படித்துப் பொருள் சொல்லி அரங்கேற்றப்பட்டன. அவருடைய மாணாக்கராகிய சாமிநாதையர் காலத்தில் சபை கண்ணுக்குத் தெரியாததாகிவிட்டது. அவையடக்கம் முகவுரைக்குள் புகுந்துகொண்டது. 1880-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் கும்பகோணத்தில், சேலம் இராமசுவாமி முதலியாரிடம் தாம் கற்ற அந்தாதிகளையும் பிள்ளைத்தமிழ்களையும் புராணங்களையும் வரிசையாக ஒப்பித்தபோது, 'இவற்றால் என்ன பயன்? சிந்தாமணி படித்திருக்கிறீர்களா?' என்ற கருத்தில் அவர் கேட்ட கேள்வி ஐயரைக் குன்றச் செய்தது. அந்தக் குன்றலை அவர் வீணாக்கவில்லை. சுவடி தேடி, ஜைன நண்பர்களை அணுகிச் சமயக் கருத்துக்களைக் கேட்டறிந்து, திருத்தக்கதேவர் கழுவித் தரும்படி வேண்டிய அந்த மணியை 1887-இல் பதிப்பித்தார்.

பதிப்பு வெளிவந்ததும் கண்டனங்கள் கிளம்பின. பிழைகளென்று அடுக்கிச் சிலர் துண்டுப் பிரசுரங்கள் வெளியிட்டார்கள். ஐயருடைய மனம் புண்பட்டது. பழைய சபையாயிருந்தால் எழுந்து நின்று விடை கூறியிருக்கலாம், இங்கே எதிரே யாருமில்லை. அவர் ஒவ்வொன்றுக்கும் சமாதானம் எழுதி, கும்பகோணம் கல்லூரியில் உடனிருந்த நண்பர் ஒருவரிடம் காட்டினார். அந்த நண்பர் அதை வாங்கிக் கிழித்துப் போட்டுவிட்டு, இதற்கெல்லாம் விடை சொல்லத் தொடங்கினால் ஆயுள் முழுவதும் இதற்கே சரியாகிவிடும், வேலையைப் பாருங்கள் என்ற கருத்தில் பேசினார். பிறர் கண்டனத்துக்கு விடை எழுதுவதுபோல் தோன்றினாலும், அந்தக் காகிதங்கள் தம் உள்ளத்துக்கே தாம் சொல்லிக்கொண்ட சமாதானங்கள் என்பது அப்போது ஐயருக்குப் புலப்பட்டிருக்க வேண்டும். அவர் மறுபடி எழுதவில்லை. 1889-இல் பத்துப்பாட்டை நச்சினார்க்கினியர் உரையோடு வெளியிட்டார். பிறகு சிலப்பதிகாரமும், புறநானூறும், மணிமேகலையும் வந்தன. அந்த ஆண்டுகளிலெல்லாம் புதிய சுவடிகள் கிடைக்குந்தோறும் சிந்தாமணியில் தாம் கண்ட திருத்தங்களைக் குறித்துக்கொண்டே வந்து, அவற்றைச் சேர்த்து 1907-இல் அதன் இரண்டாம் பதிப்பை அச்சிட்டார்.